ஈட்டி மரப் பிடி

வாங்க டீச்சர், பாத்து வாங்க. அந்தக் கடைசிப் படி மட்டும் கொஞ்சம் ஒசரம். கொத்தனார் அளவு தப்பிட்டான். நான் அன்னைக்கு ஊர்ல இல்லீங்க, இருந்திருந்தா விட்டிருப்பனா? இருங்க, லைட்டைப் போடறேன். இதுதானுங்க ரூமு.

சிரிச்சுக்கோங்க, பரவாயில்லை. வர்றவங்க எல்லாரும் சிரிக்கத்தான் செய்யறாங்க. போன வாரம் பியூட்டி பார்லர் வைக்கறேன்னு ஒரு பொண்ணு வந்துச்சு, "என்னங்க, ரயில் பொட்டியாட்ட கட்டி வெச்சிருக்கீங்க"ன்னு கேட்டுட்டுப் போயிருச்சு. அகலம் எட்டடிதான், ஒத்துக்கறேன். ஆனா உங்க அபாகஸ் கிளாஸுக்கு இதுதான் சௌரியம். பிள்ளைங்களை ஒண்ணு பின்னால ஒண்ணா உக்கார வெச்சுட்டீங்கன்னா திரும்பித் திரும்பிப் பேசாதுங்க. காத்துக்கு அந்தக் கடைசில ஒரு ஜன்னல் போட்டுத் தர்றேன். அப்ப அங்க ஜன்னல் வைக்கக் கூடாதுன்னு இருந்துச்சு, அதனால வைக்கலை.

ஏன்னா கேக்கறீங்க? அந்தச் செவுத்துல இரும்புத் தகடு அடிச்சிருக்குது பாருங்க. அங்க இருந்து உங்க காலுக்குக் கீழ இருக்கற செவப்புக் கோடு வரைக்கும் பத்து மீட்டர். குறி பாத்துச் சுடறதுக்குன்னே கட்டுன ரூமுங்க இது. ஐயோ, பின்னால போகாதீங்க, பயப்படறதுக்கு ஒண்ணுமில்லை. ஏர் பிஸ்டல். காத்துல சுடறது. மொளகளவு ஈயம், பேப்பர்ல ஓட்டை போடும், அவ்வளவுதான். ஒலிம்பிக்ஸ்ல எல்லாம் சுடறாங்களே, அதேதான்.

யார் சுடுவாங்களா? நான்தானுங்க. இந்த ரூமைக் கட்டுனது நானு. பிஸ்டல் வாங்குனது நானு. கிளப்புல மெம்பர் ஆனது நானு. இப்ப நீங்க அந்தக் கிளப்புக்குப் போயி நாகமாணிக்கம்னு கேட்டுப் பாருங்க, ஒருத்தனுக்கும் தெரியாது. "ஓ, வசந்தாமணி அக்கா வூட்டுக்காரரா"ம்பாங்க. வசந்தாமணி என்ர சம்சாரம். நான் வூட்டுக்காரரு. பாத்துக்கோங்க, எப்படி இருக்குது கதை.

உக்காருங்க டீச்சர், அந்த ஸ்டூலைப் போட்டுக்கோங்க. வாடகை எல்லாம் அப்பறம் பேசிக்கலாம், நீங்க படிச்சவங்க, உங்ககிட்ட நான் என்ன கறார் பண்ணப் போறேன். கேட்டீங்கன்னு சொல்றேன்.

நான் பேட்டர்ன் ஷாப் வெச்சிருக்கறேனுங்க, கணபதி ஏரியாவுல. பம்ப் கம்பெனிக்காரங்க இரும்பை உருக்கி அச்சுல ஊத்துவாங்களே, அந்த அச்சு எடுக்கறதுக்கு முதல்ல மரத்துல அதே உருவம் செய்யோணும். அதைச் செய்யறவன் நானு. கோயமுத்தூர்ல ஓடற மோட்டார்ல பாதி என்ர மரத்துல இருந்து பொறந்ததுன்னு சொன்னா மிகையில்லீங்க. மரம்னா எனக்கு அப்படி. தொட்டுப் பாத்தே எந்தப் பக்கம் ரேகை ஓடுதுன்னு சொல்லிருவேன்.

அந்த பிஸ்டல் செகண்ட் ஹேண்டுல வந்துச்சு. ஜெர்மன் சரக்கு. சுடறதுல பழுதே இல்லை, ஆனா பிடி சரியில்லை. கிளப்புல கிரிப்பும்பாங்க. எவனோ வெள்ளைக்காரன் கைக்குச் செஞ்சது, அவனுக்குக் கை மண்ணு வெட்டற மம்முட்டி அகலம் இருந்திருக்கும். டீச்சர், இந்த விளையாட்டுல பிடிதான் எல்லாம். கை நகரக் கூடாது. ஒவ்வொரு குண்டுக்கும் கையை ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி, அறுபது தடவை. அறுபது தடவையும் கை அதே எடத்துல போயி உக்காரோணும். ஒரு மயிரிழை தள்ளி உக்காந்துச்சுன்னா அங்க போயி அது ஒரு விரக்கடை தள்ளி விழும். அதனால சுடறவன் கைக்குன்னே பிடியைச் செதுக்கிக்குவாங்க. மத்தவன் எடுத்தா அது அவனுக்கு ஆகாது.

கேரளாவுல ஒரு மரக்கடையில ஈட்டிக் கட்டை ஒண்ணு கெடைச்சுது. பழைய வூட்டு உத்தரத்துல இருந்து அறுத்தது. கறுப்பும் செவப்புமா அதுல ஓடற ரேகை இருக்குதே, பாத்துட்டே இருக்கலாம். ஐப்பசி மழை பூராவும் அதுலதான் போச்சு. பட்டறையை மூடிட்டு ஆளெல்லாம் போன பொறகு உக்காருவேன். சட்டிக் கரியை எண்ணெயில கொழைச்சு உள்ளங்கையில பூசிக்கோணும். பூசிக்கிட்டுக் கட்டையைப் புடிக்கோணும். கரி எங்க ஒட்டுதோ அங்க மரம் எச்சா இருக்குதுன்னு அர்த்தம், அதை அரத்துல எடுக்கோணும். திரும்பப் பூசு, திரும்பப் புடி, திரும்ப எடு. கொஞ்சம் எச்சா எடுத்துட்டா முடிஞ்சுது, எடுத்த மரம் திரும்ப வராது. ஈட்டித் தூள் மேல பட்டா நமைச்சல் எடுக்கும். கழுத்தெல்லாம் தடிச்சுப் போச்சு. வசந்தாதான் தேங்காண்ணெய் தேச்சு விட்டா. "எதுக்குங்க இந்தப் பாடு"ன்னு கேட்டா. உனக்குத் தெரியாது போன்னேன்.

கடைசியா ஒரு நாள் கரி எல்லாப் பக்கமும் ஒண்ணு போல ஒட்டுச்சு. கண்ணை மூடிட்டுப் பிஸ்டலைத் தூக்குனேன். தூக்குனது தெரியலை டீச்சர். என்ர கை என்ர கையைப் புடிச்சாப்பல இருந்துச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அதுக்கப்பறம் அதை ஒருத்தரையும் தொட விடலை. கிளப்புல பெஞ்சமின் மாஸ்டர்னு ஒருத்தர், பட்டாளத்துல இருந்து வந்தவரு, அவருதான் எல்லாருக்கும் சொல்லித் தர்றவரு. அவரு கேட்டதுக்கே கேஸுக்குள்ள வெச்ச மேனிக்குக் காட்டுனேன். சுட்டேனா? சுட்டேன். நல்லாத்தான் சுட்டேன். மாவட்டத்துல நாலாவது, அஞ்சாவது வந்திருக்கறேன். மேல வந்திருப்பேன், எனக்குப் பட்டறை இருக்குதுங்களே. பொழப்பு இல்லாதவனா இருந்தா நாள் பூரா சுடலாம்.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன்.

ஆயுத பூசை அன்னைக்கு. பட்டறையில பூசை முடிச்சுட்டு வூட்டுக்கு வந்து பிஸ்டலுக்கும் சந்தனம், குங்குமம் வெச்சு இந்த ரூம்லதான் வெச்சிருந்தேன். பெஞ்சமின் மாஸ்டர் பொரி திங்க வந்திருந்தாரு. அவரு கிறிஸ்துவரு, ஆனா வருசா வருசம் வந்துருவாரு. வசந்தா பொரியும் சுண்டலும் எடுத்துட்டு மேல வந்தா. மாஸ்டர் சும்மா இல்லாம, "அம்மா, பூசை போட்ட ஆயுதத்தை இன்னைக்கு எடுக்கக் கூடாதும்பாங்க, எங்களுக்கு அந்தக் கணக்கு இல்லை, நீங்க ஒரு குண்டு போட்டுப் பாருங்க"ன்னாரு. வெளையாட்டுக்குத்தான். நானும் சிரிச்சுட்டே, போடு வசந்தான்னேன். நான்தானுங்க சொன்னேன். அதை யாரும் ஞாபகம் வெச்சுக்கறதில்லை.

சேலைத் தலைப்பை இடுப்புல சொருகிட்டு நின்னா. நின்னது எப்படின்னா, பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி. ஒரு பதட்டமில்லை. அஞ்சு குண்டு போட்டா. அஞ்சும் பேப்பர்ல இருக்கற கறுப்பு வட்டத்துக்குள்ள. ஒண்ணு நட்ட நடுவுல. மாஸ்டர் பொரிக் கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டாரு.

அதிர்ஷ்டம்னு நான் சொன்னேன். "திரும்பப் போடுங்கம்மா"ன்னாரு மாஸ்டர். திரும்பப் போட்டா. அதுவும் அப்படியே.

நாப்பத்தஞ்சு வயசுக்காரி டீச்சர். கல்யாணமான நாளா அடுப்படி, மாடு, என்ர ஆத்தாளுக்குப் பணிவிடை, பொண்ணு கல்யாணம்னு இருந்தவ. கை ஆடவே இல்லை. மாஸ்டர் அப்பறம் எனக்கு விளக்கம் சொன்னாரு. இவ மூச்சு நிதானம், இவளுக்கு அவசரமில்லை, குண்டு எங்க போச்சுன்னு கவலையில்லைன்னு. நாப்பத்தஞ்சுக்கு மேல தனிப் பிரிவு இருக்குது, பொம்பளைங்க கம்மி, கூட்டிட்டு வாங்க, இவிய நேஷனல் வரைக்கும் போவாங்கன்னாரு.

நான் வேண்டாம்னு சொன்னனா? எங்க சொந்தத்துல, ஒறம்பரையில வேற எவனா இருந்தாலும், இந்த வயசுல உனக்குத் துப்பாக்கி கேக்குதான்னு கேட்டிருப்பான். நான் கூட்டிட்டுப் போனேன். வண்டியில உக்கார வெச்சு நானே கூட்டிட்டுப் போனேன். என்ர பிஸ்டலையே குடுத்தேன். எவன் செய்வான் சொல்லுங்க. எனக்கு அதுக்கு ஒரு வார்த்தை நன்றி கெடையாது, சரி, அது போகட்டும்.

அவளுக்குப் பிடி ஆகலை. ஆகாதுதானே. என்ர கைக்குச் செஞ்சது, அவளுக்கு ஆள்காட்டி விரல் விசைக்கு எட்டவே இல்லை. பெருவிரல் பக்கம் இடுக்குல மரம் குத்துது. மாஸ்டர் சின்னக் கைக்கான பிடி வாங்கிப் போடுங்கன்னாரு. எனக்கு ரோசம் வந்துருச்சுங்க. பேட்டர்ன் ஷாப்காரன் பொண்டாட்டிக்குக் கடையில பிடி வாங்கறதா? நானே செஞ்சு தர்றேன்னு அவரு முன்னாலயே சொன்னேன். அவ மொகம் அப்படி மலந்துச்சு.

செஞ்சிருப்பேன். செய்ய மாட்டேன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. கட்டை கூட எடுத்துப் பட்டறை ஜன்னல் மேல வெச்சேன். ஆனா பம்ப் கம்பெனி ஆர்டர் ஒண்ணு பின்னால ஒண்ணு வந்துச்சு. பொறகு தீபாவளி. பொறகு தை மாசம் ஊர்ல நோம்பி. அவ எப்பவாச்சும் கேப்பா. "ஏனுங்க, அந்தப் பிடி." ஆகட்டும்பேன். "ஏனுங்க, இன்னைக்கு ஞாயித்துக்கெழமைதானுங்களே." ஆகட்டும் வசந்தான்னு சொல்லுவேன். நச்சரிக்கறவ இல்லை அவ, அதையும் சொல்லோணும். விரல்ல துணியைச் சுத்திட்டு அந்தப் பிடியிலயே சுட்டா. சுட்டு, என்னை விட எச்சாத்தான் எடுத்தா.

நான் அதுக்கெல்லாம் பொறாமைப்படற ஆளில்லீங்க. சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன்.

சித்திரையில ஒரு நாள். பட்டறைக்கு மத்தியானத்துக்கு மேல கரண்ட் இல்லை, வூட்டுக்கு வந்துட்டேன். அவ எங்கயோ பக்கத்து வூட்டுக்குப் போயிருந்தா. சரி, நாலு குண்டு போடலாம்னு இங்க மேல வந்து பிஸ்டலை எடுத்தேன். கையில உக்காரலை.

முதல்ல நான் என்ர கைக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு நெனைச்சேன். வீங்கியிருக்குமோ, வாதமோன்னு. திரும்ப வெச்சுத் திரும்ப எடுத்தேன். ஆடுது. உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவுல சந்து. லைட்டுக்குக் கொண்டு போயிப் பாத்தேன். அரம் போட்டிருக்குதுங்க. விசைக்குப் பக்கத்துல ஒரு எடம், பெருவிரல் இடுக்குல ஒரு எடம். நான் ஐப்பசி மழை பூரா உக்காந்து எடுத்த வளைவு, அதுல அரம். என்ர பட்டறை அரத்தையே எடுத்துட்டு வந்து போட்டிருக்கறா.

ஒரு ஆளு தூங்கறப்ப அவன் விரலை அறுத்துட்டுப் போனா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு.

அவ வந்தா. நான் இங்கதான், நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் நின்னேன். என்ன இதுன்னேன். அவ மறைக்கலை. "எனக்கு எட்டலீங்க. ரெண்டு எடத்துல கொஞ்சமா எடுத்துக்கிட்டேன்."

"கேக்கோணும்ல?"

"ஆறு மாசமாக் கேட்டுட்டுத்தானுங்க இருந்தேன்."

"நான் ஆகட்டும்னுதான சொன்னேன்? வேண்டாம்னா சொன்னேன்?"

அவ, சாப்புட வர்றீங்களான்னு கேட்டுட்டுக் கீழ போயிட்டா. பதில் சொல்லத் தெரியாதவ அப்படித்தான் பேச்சை மாத்துவா.

தண்ணி வேணுங்களா டீச்சர்? வேண்டாமா? சரி. மீட்டர் இங்க தனிங்க, அதை மறந்துட்டேன். கரண்ட் பில்லு உங்களுக்குத் தனியா வந்துரும்.

அதுக்கப்பறம் அவ சுட்டது இருக்குதே, அது வேற மாதிரி. சொல்லத்தானே வேணும். மாவட்டத்துல அவ பிரிவுல முதல். பேப்பர்காரன் போட்டோ எடுத்தான். என்ர பிஸ்டல், என்ர ஈட்டிப் பிடி பளிச்சுன்னு விழுந்திருக்குது. நான் பக்கத்துலதான் நின்னேன், பாதித் தோள்பட்டை மட்டும் விழுந்திருக்குது. பட்டறைப் பசங்க அந்தப் பேப்பரை வெட்டிச் செவுத்துல ஒட்டுனானுங்க. "அண்ணா, அக்கா கலக்கீட்டாங்க"ன்னானுங்க. வேலையைப் பாருங்கடான்னு கத்திட்டேன்.

ஆனியில சென்னையில மாநிலப் போட்டி. அதுல குறிச்ச ஸ்கோர் எடுத்தா நேஷனலுக்குப் போகலாம். அவளுக்கு அதுதான் மனசு பூரா. காலையில மாவாட்டறப்பவே கையை நீட்டி நீட்டி எறக்குவா. கோயிலுக்குப் போயி மொத மொதலாத் தனக்குன்னு அர்ச்சனை பண்ணுனா. அது வரைக்கும் என்ர பேருக்கும் பொண்ணு பேருக்குந்தான் பண்ணுவா.

அதே போட்டியில ஆம்பளைங்க பிரிவுல நானும் பேர் குடுத்திருந்தேன். அதை யாரும் பேசறதில்லை. அவளுக்குக் காலையில, எனக்கு மத்தியானம். ஒரே பிஸ்டல். அப்ப எனக்கும் அதுல உரிமை இருக்குதுங்களா இல்லீங்களா? அவ அரம் போட்ட பிடியில நான் எப்படிச் சுடறது? யாராச்சும் கேட்டாங்களா?

பொள்ளாச்சியில அவ அக்கா பொண்ணுக்குச் சீரு. ரெண்டு நாள் போயிட்டா. நான் பிடியைக் கழட்டிப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். ஈட்டித் தூளைப் பசையில கொழைச்சு, அவ எடுத்த ரெண்டு எடத்துலயும் அப்பி, காய வெச்சு, அரம் போட்டு, உப்புத்தாள் போட்டு, பாலீஷ் போட்டேன். என்ர தொழில் அது டீச்சர். ரேகையைக் கூட மெல்லிசா இழுத்து விட்டேன். எங்க அப்புனதுன்னு கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் தெரியாது. பழைய பிடி, பழையபடி.

அவகிட்டச் சொல்லலை. போட்டிக்குப் போற நேரத்துல சொன்னா மனசு சஞ்சலப்படும். அதுக்குத்தான். வேற ஒண்ணுமில்லை. சீரு முடிஞ்சு பொழுதோட வந்தா, விடியால ரயிலு. கேஸைத் தொறந்து ஒரு தடவை எடுத்துப் பாத்திருக்கலாம். பாக்கலை. ஒரு போட்டிக்குப் போறவ ஆயுதத்தைப் பாக்க வேண்டாமா? அது அவ தப்புத்தானே.

சென்னையில அந்த ஹால் ஏசி. வரிசையா நின்னாங்க. எல்லாம் பெரிய எடத்துப் பொம்பளைங்க, ஒருத்தி டாக்டராம், ஒருத்தி போலீஸு. இவ மட்டும் நம்ம ஊர் ஜவுளிக்கடையில எடுத்த சுடிதார்ல நின்னா. நான் பின்னால, தடுப்புக்கு அந்தப் பக்கம், மாஸ்டர் பக்கத்துல. தயாராகறதுக்குக் கால் மணி நேரம் குடுப்பாங்க. கேஸைத் தொறந்தா. எடுத்தா.

எடுத்த மேனிக்கு நின்னுட்டா.

கீழ வெச்சா. திரும்ப எடுத்தா. பெருவிரல்ல அந்த எடத்தைத் தடவிப் பாத்தா. தடவிப் பாத்துட்டு, டீச்சர், மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தா. மாஸ்டரைப் பாக்கலை. என்னை. நான் தைரியமா இருன்னு இப்படிக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுனேன்.

திரும்பிட்டா. அறுபது குண்டும் போட்டா. நடுவுல நிறுத்தலை. விரல் எட்டாம நுனியில இழுக்கறது எனக்கே தெரிஞ்சுது, ஒவ்வொண்ணும் எடது பக்கம் போயிட்டே இருந்துச்சு. மாஸ்டர் "என்னாச்சு, இவியளுக்கு என்னாச்சு"ன்னு முணுமுணுத்துட்டே இருந்தாரு. குறிச்ச ஸ்கோருக்குக் கொஞ்சத்துல போயிருச்சு. நெம்பக் கொஞ்சம். நான் சொல்றேன், பிடி அப்படி இருந்தும் அவ்வளவு எடுத்தான்னா அது சாதாரணமில்லை. அதையும் நான் ஒருத்தன்தான் சொல்லுவேன்.

மத்தியானம் நான் சுட்டேன். எனக்காவது நல்லா வந்திருக்கோணும், இல்லீங்களா? என்ர கைக்குச் சரி பண்ணுனது. உக்காரலை. சத்தியமா உக்காரலை. பழைய எடம் பழைய எடமாகலை. நான் கடைசில இருந்து மூணாவது. அவ அரத்தைத் தொடாம இருந்திருந்தா இந்தக் கதியில்லை. அவளுக்கும் இல்லாம, எனக்கும் இல்லாமப் பண்ணிப்போட்டா.

ரயில்ல வர்றப்ப நான் காத்துட்டே இருந்தேன். கத்துவா, அழுவா, நானும் ரெண்டு கேக்கலாம்னு. எலுமிச்சஞ் சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சு எனக்கு வெச்சா, தனக்கும் வெச்சுக்கிட்டா. ஈரோடு தாண்டுன பொறகு, "எப்பப் பண்ணுனீங்க"ன்னா.

"நீ சீருக்குப் போயிருந்தப்ப."

"நல்லாப் பண்ணியிருக்கீங்க. கண்ணுக்குத் தெரியவே இல்லை."

அவ்வளவுதான். என்ர வேலையைப் பத்தி அவ வாயில இருந்து நல்லா இருக்குதுன்னு வந்தது அதுதான் மொத தடவை. சந்தோசப்படறதா, என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை.

வந்ததுல இருந்து இந்த ரூமுக்கு ஏறுறதில்லை. சண்டையில்லை, நல்லாத்தான் பேசறா. காப்பி குடுக்கறா, துணி மடிச்சு வைக்கறா. பொழுதோட டவுன் பஸ் ஏறிக் கிளப்புக்குப் போயிருவா. மாஸ்டர் கிளப்புப் பிஸ்டல் ஒண்ணைக் குடுத்திருக்கறாரு, கடையில வந்த பிடி, சின்னக் கைக்கு. வண்டியில கொண்டு போயி விடட்டுமான்னேன். "வேண்டாங்க, பஸ்ஸு இருக்குது"ன்னா. ஆவணியில இன்னொரு போட்டி வந்துச்சு, அந்த ஸ்கோரை அதுல எடுத்துட்டா. எனக்குப் பட்டறைப் பையன் சொல்லித்தான் தெரியும்.

அப்ப நான் நெனைச்சேன், சரி, போனது போச்சு, நேஷனலுக்குப் போறவ கடைப்பிடியோட போகக் கூடாது. நம்ம பேரு என்ன ஆகறது. ஈட்டி அதே உத்தரத்துக் கட்டையில மிச்சமிருந்துச்சு. கரி பூசி ஒரு தடவை கையைக் குடு வசந்தான்னேன். "மாவு கரைச்சுட்டிருக்கேனுங்க"ன்னா. மறுநாள் கேட்டேன். பூத்தொடுத்துட்டிருக்கேன்னா. போகட்டும், கை இல்லாட்டி என்ன? இருவத்தேழு வருசம் குடும்பம் நடத்துனவனுக்குப் பொண்டாட்டி கை தெரியாதா? ஆர்டரைத் தள்ளி வெச்சுட்டு ஒரு வாரம் உக்காந்தேன். அவ கையை மட்டுந்தான் மனசுல வெச்சுட்டுச் செதுக்குனேன். வேற நெனப்பே இல்லை. முன்னால செஞ்சதை விட இது நேர்த்தி. கழுத்தெல்லாம் தடிச்சுப் போச்சு, நானே எண்ணெய் தேச்சுக்கிட்டேன்.

அவ கிளம்பறதுக்கு மொத நாள் அடுப்படியில கொண்டு போயிக் குடுத்தேன். கையைத் தொடச்சுட்டு வாங்குனா. புடிச்சுப் பாத்தா. திருப்பித் திருப்பிப் பாத்தா. அவ விரலு அதுல காணாமப் போச்சு டீச்சர், கொழந்தை காலுல பெரியாளு செருப்பை மாட்டுனாப்பல. கோவமா சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னா. "இது உங்க கைங்க." மேடையில வெச்சுட்டுத் தோசைக் கல்லைத் திருப்பப் போயிட்டா.

நான் எடுத்துப் புடிச்சேன். கச்சிதமா இருந்துச்சு. இண்டு இடுக்கு இல்லாம, கரி பூசிப் பாக்கவே வேண்டியதில்லை, அப்படி உக்காந்துச்சு. முன்னால ஐப்பசி பூரா உக்காந்து செஞ்சப்பக் கூட அப்படி வந்ததில்லை.

எங்க தொழில்ல ஒண்ணு உண்டுங்க. இரும்பு ஆறுனா சுருங்கும், அதனால மரத்துல எதையும் கொஞ்சம் பெருசாத்தான் செய்வோம். கை பழகிருச்சு, அதனால பெருசா வந்திருக்கும்னு அவகிட்டச் சொன்னேன். அவ சரிங்கன்னா. பொறகு பட்டறையில ஸ்கேலை வெச்சு நானே கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒத்து வரலை. அளவுக்கு அளவு என்ர கைதான்.

போன திங்கக்கெழமை போபாலுக்குப் போயிட்டா, மாஸ்டரும் கிளப்புப் பிள்ளைங்களும் கூட. நானும் வர்றேன்னு துணியெல்லாம் எடுத்து வெச்சேன். வேண்டாங்கன்னா. ஏன்னேன். "நீங்க பின்னால நிக்கறீங்கன்னு தெரிஞ்சா எனக்குக் கை ஆடுதுங்க"ன்னா. கட்டுன புருசன்கிட்டச் சொல்ற வார்த்தையா இது?

இந்நேரம் அங்க நின்னு சுட்டுட்டிருப்பா. இன்னைக்கா, நாளைக்கான்னு எனக்குத் தெரியாது. சாயங்காலம் மாஸ்டர் நம்பருக்குப் போட்டா அவரும் எடுக்க மாட்டேங்கறாரு. ரூம்ல தனியா உக்காந்துட்டு அவ கை எப்படி இருக்கும்னு நெனைச்சுப் பாக்கறேன். வளையலு தெரியுது, அடுப்புல சுட்டுக்கிட்ட தழும்பு மணிக்கட்டுல ஒண்ணு தெரியுது. எந்தக் கைன்னு தெரியலை. விரலு நீளமா, குட்டையா, நெனைப்புக்கு வர மாட்டேங்குது. மனசு கசந்து போச்சுங்க. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் அவ கையை நீட்டியிருந்தா இத்தனையும் வந்திருக்குமா? நீங்களே சொல்லுங்க டீச்சர்.